பிரெஞ்ச் ஸ்பெல்லிங்கும் பிள்ளைங்க எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாண்டிச்சேரிக்காரி. பாரிஸுக்கு வடக்க ஒரு ஊர்ல, ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்க வந்து உக்காந்து வீட்டுப்பாடம் செய்யுற இடம் ஒண்ணு இருக்கு, அங்க பல வருஷமா வாலண்டியரா போறேன். வர்ற பெத்தவங்கள்ல நம்ம ஊர்க்காரங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க, மாலிக்காரங்க, தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்குற பிரெஞ்ச்காரங்கன்னு எல்லாரும் உண்டு, ஆனா டிக்தே நோட்டைத் தொறந்து காமிச்சு கேக்குறது மட்டும் ஒரே கேள்விங்கதான். டிக்தேன்னா டீச்சர் வாசிக்க வாசிக்க பிள்ளைங்க எழுதுறது, நம்ம "சொல்வதெழுதுதல்" தான். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே வச்சிட்டேன்.

என் பையனுக்கு ஒரு பக்கம் எழுதுனா முப்பது ஸ்பெல்லிங் தப்பு. அவனுக்கு எழுத்தே வராதா?

அப்படி இல்லீங்க. முதல்ல ஒரு சின்ன டெஸ்ட் வச்சுப் பாருங்க. ஒரு கதையை வாயால சொல்லச் சொல்லி நீங்க எழுதிக்குங்க, இல்ல போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே மாதிரி இன்னொரு கதையை அவனையே எழுதச் சொல்லுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா விஷயம் புரிஞ்சிடும்.

எங்ககிட்ட எட்டு வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். ரயில்வே ஸ்டேஷன்ல நாய் தொலைஞ்ச கதையை அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம சொன்னான், போலீஸ்காரர் வர்றார், தொப்பி பறக்குது, நாய் சாண்ட்விச்சை கவ்விட்டு ஓடுது, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சரி எழுதுடான்னு பேப்பரைக் குடுத்தா ரெண்டு வரி. "நாய் போனது. நாய் வந்தது." தொப்பி எங்கடா போச்சுன்னு கேட்டா, "ஷாப்போ எப்படி எழுதணும்னு தெரியாது, அதான் விட்டுட்டேன்"ங்குறான்.

அவன்கிட்ட கதைக்குப் பஞ்சமே இல்ல, அவனுக்கு எழுதத் தெரிஞ்ச வார்த்தைங்க அளவுக்கு கதை சுருங்கிப் போச்சு, அவ்ளோதான். ஸ்பெல்லிங்குக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டா நான் இந்தத் தொப்பியைத்தான் சொல்லுவேன். நோட்டுல தெரியுற முப்பது தப்பை விட, தப்பாயிடுமோன்னு எழுதாம விட்ட வார்த்தைங்கதான் எனக்கு பயம், ஏன்னா அதை எந்த டீச்சரும் சிவப்பு மையால வட்டம் போட முடியாது.

அப்போ ஸ்பெல்லிங்கைப் பத்தி கவலையே வேணாமா?

அய்யோ, அப்படி எடுத்துக்காதீங்க. ஸ்பெல்லிங் முக்கியம், ஆனா அது "அழகுக்காக" இல்ல. எழுதும்போது மண்டைக்குள்ள ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓடுது பாருங்க, என்ன சொல்றது, எந்த வரிசையில சொல்றது, வாக்கியம் எப்படி முடியணும், இதுக்கு நடுவுல கை வேற பேனாவைப் பிடிச்சு கூட்டெழுத்துல எழுதணும், ஏன்னா இங்க முதல் வகுப்பு ஸேபேலயே சேத்து எழுதணும்ங்குறாங்க. இதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு நின்னு யோசிச்சா வாக்கியத்தோட மீதிப் பாதி மறந்தே போயிடும். ஸ்பெல்லிங் தானா கையில வர்ற பிள்ளைக்கு அந்த இடம் கதைக்கு மிச்சமாகுது. அதனாலதான் சின்ன கிளாஸ்ல ஸ்பெல்லிங் நல்லா வர்ற பிள்ளைங்க பொதுவா நீளமாவும் எழுதுறாங்க.

கிரெனோபிள்ல சோனியா காண்டெல்னு ஒரு ஆராய்ச்சியாளர், பிள்ளைங்களை டிஜிட்டல் பலகையில எழுதவச்சு கையோட அசைவையே அளந்து பாத்தவங்க. ஸ்பெல்லிங் சிக்கலான வார்த்தைன்னா எழுதுறதுக்கு முன்னாடி மட்டும் இல்ல, எழுதிக்கிட்டு இருக்கும்போதே கை மெதுவாகுதுன்னு காமிச்சாங்க. பெரியவங்களும் தப்பிக்கல. மிஷேல் ஃபாயோலும் பியேர் லார்ஜியும் 1990கள்ல நல்லாப் படிச்ச பெரியவங்களையே வாக்கியம் எழுதச் சொல்லி, கூடவே வேற ஒரு வேலையையும் குடுத்தாங்க. "பக்கத்து வீட்டுக்காரங்களோட நாய் குரைக்குது" மாதிரி வாக்கியத்துல நாய் ஒண்ணுதான், ஆனா பிரெஞ்ச் வார்த்தை வரிசையில வினைச்சொல்லுக்கு பக்கத்துல "காரங்க" பன்மையில நிக்குதா, கை தானா பன்மை விகுதியைப் போட்டுடுச்சு. விதி தெரியாம இல்ல, கவனத்துக்கு இடம் இல்ல. இருபது வருஷம் படிச்சவங்களுக்கே இந்தக் கதின்னா எட்டு வயசுப் பிள்ளையை ஏன் திட்டுறீங்க.

நல்லா சரளமா படிக்கிறா, எழுதுனா மட்டும் தப்பு தப்பா வருது. எப்படி?

பிரெஞ்ச் ஒருவழிப் பாதை மாதிரிங்க. எழுத்தைப் பாத்து சத்தம் சொல்றது ஓரளவு சுலபம், விதி தெரிஞ்சா புது வார்த்தையைக்கூட வாசிச்சிடலாம். சத்தத்தைக் கேட்டு எழுத்து போடுறதுதான் தலைவலி. இருக்குறது 26 எழுத்து, சுமார் 36 சத்தம், ஆனா அந்த சத்தங்களை எழுத நினா காட்டாக்ங்குற மொழியியல் அம்மா கணக்கு போட்டப்போ 130 எழுத்துச் சேர்க்கை வந்துச்சு. அதுல 45 போல இருந்தா அடிப்படைக்குப் போதும்ங்குறாங்க, அது வேற.

"ஓ"னு முடியுற வார்த்தைங்களை மட்டும் பாருங்க. சைக்கிள் வேலோ, வெறும் ஓ. தொப்பி ஷாப்போ, கடைசில இ-ஏ-யு. தேரை க்ராப்போ, ஏ-யு-டி (d). அர்த்திஷோன்னு ஒரு காய், அதுக்கும் ஏ-யு, ஆனா கடைசில d-க்கு பதிலா t. இருமல் மருந்து சிரோ, ஓ போட்டு பி, அந்த பி வாயிலயே வராது. அஞ்சு வார்த்தை, ஒரே சத்தம், அஞ்சு விதமான முடிவு. அப்புறம் "வேர்"னு சொன்னா, நம்ம மரத்து வேர் இல்ல, பச்சை, புழு, கண்ணாடி டம்ளர், "பக்கமா" எல்லாமே அதேதான், ஸ்பெல்லிங்தான் வேற வேற.

எழுத்தை விடுங்க, கிராமர் தப்புதான் ஜாஸ்தின்னு டீச்சர் சொல்றாங்க. ஸ்பெல்லிங்குல கிராமர் எங்க வந்துச்சு?

இதுதாங்க பிரெஞ்சோட ஸ்பெஷாலிட்டி. "சின்னப் பொண்ணு விளையாடுறா", "சின்னப் பொண்ணுங்க விளையாடுறாங்க". தமிழ்ல பன்மை ஆனா காதுல விழுது, "ங்க" வருது, "றாங்க" வருது. பிரெஞ்ச்ல "லா பெத்தித் ஃபீய் ஜூ", பன்மைல "லே பெத்தித் ஃபீய் ஜூ". லா-வு லே-ஆச்சு, அவ்ளோதான் காதுக்கு. ஆனா பேப்பர்ல நாலு இடத்துல மாறணும், லேயில ஒரு எஸ், "சின்ன"வுக்கு ஒரு எஸ், பொண்ணுக்கு ஒரு எஸ், வினைச்சொல்லுக்கு இ-என்-டி. மூணு இடம் ஊமை. அதுலயும் "சின்ன"ங்குற அடைமொழிக்கு பன்மை போடுறது நம்ம மொழில கெடையவே கெடையாது, அதனால நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது ஏன்னே புரியாது.

அதாவது பிரெஞ்ச் பிள்ளை, வாயில இல்லாத ஒரு கிராமரை பேப்பர்ல கத்துக்கணும். நமக்கும் "போறேன்"னு பேசிட்டு "போகிறேன்"னு எழுதுற பழக்கம் இருக்கு, ஆனா "போகிறேன்"னு மேடையிலயாவது யாராவது சொல்லிக் கேட்டிருப்போம். இந்த ஊமை இ-என்-டியை எந்த மேடையிலயும் கேக்க முடியாது.

எந்த வயசுல எந்த தப்பு சகஜம்?

வயசை விட வரிசையைப் பாருங்க, ஏன்னா தப்புக்கும் ஒரு வளர்ச்சி இருக்கு.

ஆறு வயசு ஸேபேல காதுல விழுந்ததை எழுதுவாங்க. ஷாப்போவுக்கு கடைசில வெறும் ஓ போட்டா அது நல்ல தப்பு, சத்தம் முழுசா பிடிபட்டிருக்கு. சத்தமே விட்டுப் போனா, எழுத்து இடம் மாறி விழுந்தா, அதுதான் கவனிக்கவேண்டியது. கூடவே யாரும் சொல்லித்தராமலே கண்ணு சிலதைப் பிடிச்சிக்கும். செபாஸ்தியன் பாக்தோனும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு அர்த்தமும் இல்லாத வார்த்தைகளைக் காமிச்சு எது நெஜ வார்த்தை மாதிரி இருக்குன்னு கேட்டப்போ, ஸேபே பிள்ளைங்களே ரெட்டை மெய்யெழுத்து வார்த்தையோட ஆரம்பத்துல வராது நடுவுலதான் வரும்னு சரியா எடுத்தாங்களாம். யாரும் அந்த விதியை போர்டுல எழுதல.

ஏழு எட்டு வயசுல கிராமர் ஊமை எழுத்துங்க ஆரம்பிக்கும், அங்கதான் வேடிக்கை. முதல்ல பன்மைக்கு ஒண்ணுமே போடமாட்டாங்க. அப்புறம் பெயர்ச்சொல்லுக்கு எஸ் வரும். அப்புறம் பன்மைன்னாலே எஸ்தான்னு முடிவு பண்ணி வினைச்சொல்லுக்கும் எஸ் போடுவாங்க, "அவங்க சாப்பிடுறாங்க"ல வினைக்கு எஸ். அம்மா பதறிடுவாங்க, போன மாசம் இந்தத் தப்பு இல்லையேன்னு. போன மாசம் ஒண்ணுமே போடலம்மா, இப்போ பன்மைன்னு புரிஞ்சிருக்கு, எந்த விகுதின்னுதான் தெரியல. கொஞ்ச நாள்ல இ-என்-டி கத்துக்குவான், உடனே அதைக் கொண்டுபோய் பெயர்ச்சொல் மேலயும் ஒட்டுவான். ஃபாயோல், கொரின் தொத்தெரோ இவங்கல்லாம் இந்த வரிசையைத்தான் ஆராய்ச்சியில பதிவு பண்ணிருக்காங்க. புதுத் தப்பு வந்தா சில சமயம் லட்டு குடுக்கணும்.

ஒன்பது பத்து வயசுல பெரிய தகராறு "ஏ"னு முடியுற வினைச்சொல்லுங்க. "சாப்பிட", "சாப்பிட்ட", ரெண்டுமே மான்ஜே. ஒண்ணு இ-ஆர், ஒண்ணு தலையில கோடு போட்ட இ. இதுக்கு கிளாஸ்ல ஒரு தந்திரம் சொல்லித் தருவாங்க, மான்ஜேவை எடுத்துட்டு "விற்க"ங்குற வாந்த்ர் போட்டுப் பாரு, வாந்த்ர்னு வந்தா இ-ஆர், வாந்த்யூன்னு வந்தா கோடு போட்ட இ. வாயால சொன்னா வித்தியாசம் கேக்குற வினையை வச்சு கேக்காத வினையைக் கண்டுபிடிக்கிறது. பிரமாதமான தந்திரம், ஆனா கதையோட வேகத்துல எழுதும்போது எவன் நின்னு வாந்த்ர் போட்டுப் பாப்பான், திருப்பிப் படிக்கும்போதுதான் உதவும்.

மேட்டர்னெல்ங்குற நர்சரி ஸ்கூல்ல இருக்குற அஞ்சு வயசு வாண்டு கன்னாபின்னான்னு எழுதுது. திருத்தணுமா?

வேணாம், எழுத விடுங்க. அர்ஜென்டினாவுல பிறந்த எமிலியா ஃபெரேரோ 1970கள்லயே இதைப் பாத்துச் சொல்லிட்டாங்க, படிக்கத் தெரியாத பிள்ளைகிட்டயும் எழுத்தைப் பத்தி ஒரு கணக்கு ஓடுதுன்னு. கனடாவோட க்யூபெக்ல இதை கிளாஸ்லயே நடத்துறாங்க, பிரான்ஸ்ல 2015 பாடத்திட்டமும் மேட்டர்னெல் பிள்ளைங்க சொந்தமா எழுதிப் பாக்கட்டும்னுதான் சொல்லுச்சு. எழுதுனதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, கீழ நீங்க சரியா ஒரு தடவை எழுதிக் காட்டுங்க, போதும். சிவப்பு பேனா மட்டும் வேணாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஸ்பெல்லிங்கே வரலைன்னு டிவில சொல்றாங்களே?

அது உண்மைதான். கல்வி அமைச்சகம் ஒரே டிக்தேவை, வெறும் 67 வார்த்தை, ஆரம்பப் பள்ளி கடைசி வகுப்பு ஸேஎம்2 பிள்ளைங்களுக்கு நாலு தடவை குடுத்துப் பாத்துச்சு. 1987-ல சராசரி தப்பு 10.7, 2007-ல 14.7, 2015-ல 18, 2021-ல 19.4. அதிகமானது முக்கியமா கிராமர் தப்புங்கதான், அந்த ஊமை விகுதிங்க. அந்த டிக்தேல, சாயங்காலம் ஆச்சு, அப்பாவும் அம்மாவும், கவலையோட, நாலு பசங்க ஏன் இன்னும் வரலன்னு யோசிக்கிறாங்க, இதான் கதை. அந்த "கவலையோட" ரெண்டு கமாவுக்கு நடுவுல தனியா நிக்குது, ஆனா அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேத்து ஊமை எஸ் வேணும். யோசிச்சுப் பாருங்க, அந்த எஸ் போடணும்னா வாக்கியத்தையே பிரிச்சுப் பாக்கத் தெரியணும்.

ஆனா ஒண்ணு, இது டிக்தே கணக்கு. பிள்ளைங்களுக்கு கதை சொல்ல வருதா, வாதம் பண்ண வருதான்னு இந்த நம்பர் ஒண்ணும் சொல்லாது.

தினமும் டிக்தே எழுதவச்சா சரியாயிடுமா?

டிக்தேல கதையை வேற யாரோ யோசிச்சுட்டாங்க, பிள்ளை முழு கவனத்தையும் ஸ்பெல்லிங்குல வைக்கலாம். சொந்தமா எழுதும்போது அந்த வசதி இல்ல. அதனாலதான் டிக்தேல இருபதுக்கு இருபது வாங்குற பொண்ணு, சொந்தக் கதையில அதே வார்த்தையைத் தப்பா எழுதும், அம்மா "அலட்சியம்"னு அடிப்பாங்க. அலட்சியம் இல்லீங்க அது.

எனக்குப் பிடிச்ச வகை, பிள்ளைங்க எழுதுன அப்புறம் நாலு பேரா உக்காந்து "நீ ஏன் இங்க எஸ் போட்ட"ன்னு சண்டை போட்டு ஒரே பிரதியை முடிவு பண்றது. நாங்களும் புதன்கிழமையில அப்படித்தான் செய்யுறோம், ஒரே வாக்கியம், அரை மணி நேரம், சந்தைக்கடை மாதிரி சத்தம். ஏன்னு வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அந்த ஊமை எழுத்துக்கு ஒரு காரணம் கிடைக்குது.

அப்புறம் தப்பு ஜாஸ்தின்னு பிள்ளை அழுதா ஒரு கதை சொல்லுங்க. 1857-ல மூணாம் நெப்போலியன் அரண்மனையில மெரிமேங்குற எழுத்தாளர் விளையாட்டா ஒரு டிக்தே வச்சாராம். சக்கரவர்த்திக்கு 75 தப்பு, மகாராணிக்கு 62, எல்லாரையும் விட கம்மியா 3 தப்பு விட்டது பின்னாடி ஆஸ்திரியா தூதரான மெட்டர்னிக்னு சொல்லுவாங்க. வெளிநாட்டுக்காரர்தான் ஜெயிச்சார், நம்ம பிள்ளைங்க கண்ணு விரியும்.

எனக்கே பிரெஞ்ச் சரியா வராது. வீட்ல நான் என்ன செய்ய?

முதல் விஷயம், ஆரம்பப் பள்ளியில எழுத்து வீட்டுப்பாடம் குடுக்கக்கூடாதுன்னு 1956-லயே உத்தரவு போட்டாச்சு, டிக்தேக்கு வார்த்தை படிச்சிட்டு வான்னு சொல்லலாம், அவ்ளோதான். அதனால ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காரவச்சு எழுதவைக்காதீங்க.

கதை எழுதும்போது முதல் தடவை ஸ்பெல்லிங்கை மறந்துட்டு எழுதச் சொல்லுங்க, சந்தேகமான வார்த்தைக்குக் கீழ ஒரு புள்ளி மட்டும் வச்சிட்டு நிக்காம போகட்டும். முடிஞ்ச அப்புறம் புள்ளி வச்சதை டிக்‌ஷனரில பாக்கட்டும். மறுவாசிப்பு ஒரு தடவைக்கு ஒரு விஷயம்தான், இன்னைக்கு பன்மை எஸ், நாளைக்கு வினைச்சொல். எல்லாத்தையும் சேத்துப் பாருன்னா எதையும் பாக்காது. அந்த நாய் கதைப் பையனுக்கு நான் செஞ்சது இதைவிட சிம்பிள், கேக்குற வார்த்தையை உடனே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுவேன். ரெண்டு மாசத்துல சீட்டு கேக்குறதும் குறைஞ்சுச்சு, கதையில தொப்பியும் திரும்ப வந்துச்சு.

வார்த்தைக் குடும்பம் உங்களாலயும் சொல்ல முடியும். பல்லுக்கு "தான்", கடைசில ஊமை டீ (t). எப்படித் தெரியும்? பல் டாக்டர் தாந்த்திஸ்த், அங்க டீ கேக்குது பாருங்க. பாலுக்கு லே, பால்காரர் லேத்தியே, அங்கயும் அதே டீ. அர்த்திஷோவுக்கு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம் கெடையாது, அதை மனப்பாடம்தான் பண்ணணும், பாவம்.

வீட்ல தமிழ் பேசுறதாலதான் தப்பு வருதோ?

மேல சொன்ன எல்லாத் தப்பையும் பிரெஞ்ச் மட்டுமே பேசுற வீட்டுப் பிள்ளைங்களும் செய்யுறாங்க. அந்த 19.4ல மொத்த பிரான்ஸும் இருக்கு. ஊர்ல இருந்து பத்து வயசுல வந்து இறங்குற பிள்ளைக்கு மட்டும் கொஞ்ச நாள் வேற தப்பு வரும், ரொட்டியும் குளியலும் ரெண்டுமே நம்ம எழுத்துல "பேன்"தான், அழுத்துற ப-வா அழுத்தாத ப-வான்னு காது பழகணும். அதுக்காக தமிழை நிறுத்தாதீங்க, கதை சொல்லக் கத்துக்குறது எந்த மொழியில நடந்தாலும் எழுத்துக்கு லாபம்தான்.

வெங்காயத்துக்கு ரெண்டு ஸ்பெல்லிங் இருக்காமே?

ஆமா, 1990 டிசம்பர் 6 அரசு கெஜட்ல வந்த திருத்தம், சுமார் 2000 வார்த்தை. வெங்காயத்துல இருந்த ஊமை ஐ போச்சு, சில எழுத்து மேல இருந்த கூரை மாதிரி குறி (^) கட்டாயம் இல்லன்னாங்க. யாரும் கண்டுக்கல, 2016-ல பாடப்புத்தகத்துல வரப்போகுதுன்னதும் கூரையைக் காப்பாத்துங்கன்னு ஊரே கத்துச்சு. பழசு புதுசு ரெண்டும் சரி, தப்புன்னு மார்க் குறைச்சா போய் கேளுங்க.

போன்ல மெசேஜ் எழுதிக் கெட்டுப்போறாங்களா?

புவாத்தியே பல்கலைக்கழகத்துல 11, 12 வயசுப் பிள்ளைங்களுக்கு போன் குடுத்து ஒரு வருஷம் பாத்தாங்க, ஸ்பெல்லிங் கெடல. ஆட்டோ கரெக்டை மட்டும் முழுசா நம்பாதீங்க, தப்பான "வேர்" போட்டாலும் அது ஒரு நெஜ வார்த்தைதானே.

பேச்சு, எழுத்துச் சிக்கலுக்குப் பயிற்சி தர்ற ஓர்த்தோஃபோனிஸ்த்கிட்ட எப்போ போகணும்?

எட்டு வயசு தாண்டியும் சத்தமே எழுத்துல வரலைன்னா, படிக்கிறதும் சேந்து இழுத்தடிச்சா, தெரிஞ்ச வார்த்தையே ஒரே பக்கத்துல மூணு விதமா வந்தா, டீச்சர்கிட்ட பேசி டாக்டர் சீட்டு வாங்கிப் போங்க. அப்பாயின்ட்மென்ட் கிடைக்க பல மாசம் ஆகும், அதனால சந்தேகம் வந்த அன்னைக்கே லிஸ்ட்ல பேர் குடுத்துடுங்க. படிக்க எழுத சிரமப்படுற டிஸ்லெக்ஸியா இருக்குன்னு எழுதிக் குடுத்தா ஸ்கூல்ல பாப்னு ஒரு ஏற்பாடு உண்டு, எக்ஸ்ட்ரா டைம், கட்டம் நிரப்புற டிக்தே எல்லாம் கேக்கலாம், பதினாலு பதினஞ்சு வயசுல எழுதுற ப்ரெவே பரீட்சையிலயும் அவங்களுக்கு டிக்தே வேற மாதிரிதான்.

ப்ரெவேல ஸ்பெல்லிங்குக்கு எவ்ளோ மார்க்?

2018-ல வந்த அமைப்புல பிரெஞ்ச் பேப்பர் நூறு மார்க், டிக்தேக்கு 10, சொந்தமா எழுதுற ரெதாக்ஸியோனுக்கு 40னு இருந்துச்சு. ரெதாக்ஸியோன்லயும் ஸ்பெல்லிங்கைப் பாப்பாங்க, ஆனா ரெண்டு வரியோட நிறுத்துனா அந்த நாப்பதுல பாக்குறதுக்கே ஒண்ணும் இருக்காது.